நாமும் நாங்களும்: தேர்தல் மேடையும் கேட்டு நிற்கும் பிள்ளைகளும்

தமிழர் வரலாற்றில் தேர்தல் என்றவுடன் ஆசிரியர் பலரின் நாவில் முதலில் வருவது உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது பொ.ஆ. 919, 921-இல், பொறிக்கப்பெற்ற அவ்வூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அதனை இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிட்டுப் பெருமிதம் கொள்வது மிகை. நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆடவருக்கே அங்கு இடம் இருந்தது. ஆயினும் அக்கல்வெட்டில் ஒரு செய்தி நம்மை நெடுங்காலமாக ஈர்த்து வந்திருக்கிறது. பெயர் பொறித்த ஓலைகளைக் குடத்தில் இட்டபின், ஊரார் அனைவரும் காண அவற்றை எடுக்கும் பொறுப்பை ஒரு சிறுவனிடம் ஒப்படைத்தனர். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத பாலன் ஒருவனே ஓலையை எடுக்கவேண்டும் என்பது விதி.

கற்றறிந்தோர் நிறைந்த சபை ஏன் சிறுவனின் கையை நாடிற்று? அந்தக் கூட்டத்தில் எந்தப் பக்கமும் சாராதவன் அவன் ஒருவனே என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும். பெரியவர் நேர்மைக்குப் பிள்ளையின் கள்ளமின்மை பிணை நின்றது. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்தபின் அக்காட்சியைத் திருப்பிப் பார்க்க விழைகிறோம். இன்று வாக்குச்சீட்டை இடும் கை பெரியவர் கை. அருகில் நின்று கேட்டுக்கொண்டிருப்பவன் சிறுவன். நம் தேர்தல்கள் அவனுக்கு எதைக் கற்பிக்கின்றன என்பதே இவ்வுரையின் பொருள்.

இப்பொருளைத் தேர்ந்தமைக்குக் காரணம் ஒரு வினா. 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், கிள்ளானில் தொடக்கப்பள்ளியில் பயிலும் நம் பேத்தி, பள்ளிப்பையை இறக்கி வைக்கும் முன்பே, "தாத்தா, மே 13 மறுபடியும் வருமா?" என்று கேட்டாள். நாள்காட்டியில் ஆண்டுதோறும் வருமே என்று வேடிக்கையாக விடை சொல்ல எண்ணினோம். அவள் முகம் அதற்கு இடந்தரவில்லை. பள்ளிப் பேருந்தில் மூத்த மாணவன் ஒருவன் கைப்பேசியில் காட்டிய காணொளியை அவளும் பார்த்திருக்கிறாள். பொதுத்தேர்தல் முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. அவளுக்கு அன்று உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. அந்த விடையைத் தேடிச் சென்ற வழியே இவ்வுரை.

தன்மைப் பன்மையின் இரு வடிவங்கள்

மொழியியல் பயின்றவர் எந்தச் சிக்கலையும் சொல்லிலிருந்தே தொடங்குவர். நாமும் அவ்வாறே தொடங்குவோம். தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. கேட்பவரையும் உட்படுத்திக் கூறுவது நாம். கேட்பவரை விலக்கிக் கூறுவது நாங்கள். பழந்தமிழில் நாம், யாம் என நின்ற வேறுபாடு பிற்காலத்தில் நாம், நாங்கள் என நிலைபெற்றது. "நாம் சாப்பிடப் போகிறோம்" என்றால் விருந்தினருக்கும் இலை உண்டு. "நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்றால் அவர் விடைபெற வேண்டியதுதான். இவ்வேறுபாட்டை நம் பிள்ளைகள் எவரும் கற்பிக்காமலே மிக இளமையில் பற்றிக்கொள்கின்றனர்.

ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. மலாய்மொழியில் உண்டு. அங்குக் கேட்பவரை உட்படுத்துவது 'கித்தா', விலக்குவது 'காமி'. ரப்பரைக் கித்தா என்றே வழங்கிப் பழகிய நம் தோட்டத்து முன்னோர்க்கு முதற்சொல் புன்னகை வருவித்திருக்கும். எனினும் உறவேதும் இல்லாத இவ்விரு மொழிக் குடும்பங்களும் இந்த நுட்பத்தில் ஒன்றுபடுவதை எண்ணி நாம் வியந்ததுண்டு. இந்நாட்டில் தமிழ்ப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும், பேசத் தொடங்கும் பருவத்திலேயே, 'நம்மில் யார் உள்ளே, யார் வெளியே' என்பதை ஒரு சொல்லில் அறிந்துகொள்ளும் ஆற்றல் பெறுகின்றனர்.

இனத்தை முன்னிறுத்தும் தேர்தல் பரப்புரை அடிப்படையில் இந்த மாற்றுப்பெயர்ச் சொல்லின் மீது நிகழ்த்தும் வேலையே ஆகும். பேச்சாளர் 'நாம்' என்றே தொடங்குவார். 'நாம்' என்றே முடிப்பார். இடையில் அச்சொல்லின் எல்லை சுருங்கிவிட்டிருக்கும். தொடக்கத்தில் நாட்டு மக்கள் அனைவரையும் குறித்த சொல், முடிவில் அந்தத் திடலில் அமர்ந்திருப்போரை மட்டும் குறிக்கும். வடிவம் நாம், பொருள் நாங்கள். பொய் நுழைவதும் இந்த இடைவெளியில்தான். வெளியே தள்ளப்பட்டவர் அங்கு இல்லை. ஆகவே அவரைப் பற்றிக் கூறுவதை மறுக்க எவரும் இல்லை.

1955: அச்சம் தோற்ற தேர்தல்

நம் நாட்டுத் தேர்தல் வரலாறு அவ்வாறு தொடங்கவில்லை என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும். மலாயாவின் முதல் கூட்டரசுத் தேர்தல் 1955 ஜூலை 27-இல் நடைபெற்றது. வாக்காளருள் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேற்பட்டோர் மலாய்க்காரர். துங்கு அப்துல் ரகுமான் தலைமையில் அம்னோ, மசீச, மஇகா ஆகிய மூன்றும் இணைந்த கூட்டணி 52 தொகுதிகளிலும் போட்டியிட்டது. அதன் வேட்பாளருள் 15 பேர் மசீசவினர். 2 பேர் மஇகாவினர்.

எதிரணியில் நின்றவருள் முதன்மையானவர் டத்தோ ஓன் ஜாபார். அவர் அம்னோவைத் தோற்றுவித்த தலைவர். பின்னர் அக்கட்சியின் கதவை எல்லா இனத்தார்க்கும் திறக்க விரும்பி, அது நிறைவேறாமையால் 1951-இல் வெளியேறியவர். எல்லா இனத்தார்க்குமாக அவர் தொடங்கிய மலாயா சுதந்திரக் கட்சி 1952-ஆம் ஆண்டுக் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் தோல்வியுற்றது. 1954-இல் அவர் அமைத்த பார்ட்டி நெகாரா, குடியேற்றத்தைப் பற்றிய மலாய்க்காரரின் அச்சத்தை நாடத் தொடங்கிற்று. பரந்த 'நாம்' எனும் சொல்லை முதலில் உரைத்தவரே குறுகிய 'நாம்' எனும் சொல்லுக்கு வந்து சேர்ந்தது நம் வரலாற்றின் துயரங்களுள் ஒன்று.

வாக்காளர் தந்த விடை யாது? கூட்டணி 51 தொகுதிகளை வென்றது. பார்ட்டி நெகாராவுக்கு ஒன்றும் இல்லை. ஓன் ஜாபாரும் தோற்றார். கூட்டணியின் சீன, இந்திய வேட்பாளர் 17 பேரும் வென்றனர். அவர்களை வெல்லச் செய்தவர் பெரும்பாலும் மலாய் வாக்காளர். அச்சமூட்டினால் வாக்கு விழும் என்பது இயற்கை விதி அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அக்கூட்டணியும் இன அடிப்படையிலான கட்சிகளின் கூட்டே எனினும், அன்றைய வெற்றி மறுக்கவியலாத பாடம்.

1969: தெருவில் கேட்ட சொல்

பதினான்கு ஆண்டுகளில் அப்பாடம் தேய்ந்தது. 1969 மே 10-ஆம் நாள் தேர்தலுக்கு முன் நடந்த பரப்புரையில் இருவகைக் குற்றச்சாட்டுகள் ஒருசேர ஒலித்தன. பாஸ் கட்சி, அம்னோ மலாய்க்காரரின் உரிமையைச் சீனருக்கு விட்டுக்கொடுத்தது என்றது. நகரங்களில் எதிர்க்கட்சிகள், மசீச சீனரின் உரிமையை மலாய்க்காரருக்கு விட்டுக்கொடுத்தது என்றன. ஒரே அரசு இரு இனத்தாரையும் ஒரே வேளையில் ஒருவர்க்கொருவர் விற்றிருக்க இயலாது. ஆயினும் இரு திடல்களிலும் கைதட்டல் எழுந்தது. ஒரு திடலில் பேசியதை மறுதிடலில் இருந்தோர் முழுமையாகக் கேட்டதில்லை.

தேர்தல் முடிவில் கூட்டணி ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்ட போதிலும் இடங்கள் பல இழந்தது. சிலாங்கூர்ச் சட்டமன்றத்தில் 28 இடங்களுள் கூட்டணிக்கு 14, ஏனையோர்க்கு 14. மே 11, 12 ஆகிய நாள்களில் எதிர்க்கட்சி ஆதரவாளர் கோலாலம்பூரில் வெற்றி ஊர்வலம் நடத்தினர். மலாய்க்காரரை இழிவுபடுத்தும் கூச்சல்களும் அங்கு எழுந்தன. 13-ஆம் நாள் மாலை, பதில் ஊர்வலத்திற்கென அம்னோ ஆதரவாளர் கம்போங் பாருவை அடுத்த ஜாலான் ராஜா மூடாவில், சிலாங்கூர் மந்திரி பெசாரின் இல்லத்தில் திரண்டனர். பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. அரசின் கணக்குப்படி ஜூலை இறுதிவரை உயிரிழந்தோர் 196 பேர். ஜூன் இறுதியில் செந்தூலில் மீண்டும் மூண்ட மோதலில் இந்தியரும் மாண்டனர். நாடாளுமன்றம் 1971 பிப்ரவரியில்தான் மீண்டும் கூடியது. கலவரத்தின் மூலகாரணம் பற்றி அரசின் அறிக்கையும் பிற்கால ஆய்வுகளும் வேறுபடுகின்றன. இங்கு நாம் கூற விழைவது கலவரத்தின் காரணத்தை அன்று. அதற்கு முந்திய வாரங்களில் பிள்ளைகள் கேட்டவற்றை.

அப்போது நமக்கு வயது 12. தந்தையார் மலாயா ரயில்வேயில் பணியாற்றியமையால் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தோம். சிறுவர்க்குக் கட்சிகள் தெரியா, சின்னங்கள் தெரியும். கூட்டணியின் பாய்மரக் கப்பல், ஜசெகவின் ராக்கெட். மாலைதோறும் கப்பல் அணியும் ராக்கெட் அணியுமாகப் பிரிந்து, தகரத்தைத் தட்டிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனோம். பெரியவர் கூட்டங்களில் கேட்ட முழக்கங்களைப் பொருள் அறியாமல் கூவினோம். அவற்றுள் ஒன்று அடுத்த வரிசையில் குடியிருந்த நண்பனின் இனத்தை இழிவாகக் குறிக்கும் சொல். அதன் பொருள் அவனுக்கும் தெரியாது. நம்மோடு சேர்ந்து அவனும் உரக்கக் கூவினான். அன்றிரவு வீட்டில் கேட்டிருக்கிறான் போலும். மறுநாள் விளையாட வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

பின்னர் ஊரடங்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. ஊரடங்கு தளர்ந்து வெளியே வந்தபோது அவன் குடும்பம் வேறிடம் சென்றுவிட்டிருந்தது. அந்தச் சொல்லை எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. எவரும் கூவச் சொல்லவும் இல்லை. மேடையில் பெரியவர் உரைத்தபோது மக்கள் சிரித்தனர். ஆகவே அது நல்ல சொல் என்று கொண்டோம். ஐம்பது ஆண்டுகள் மொழியின் பொருண்மையை ஆராய்ந்தபின்னும், ஒரு சொல்லின் பொருளை நாம் மிகத் துல்லியமாக உணர்ந்தது அவன் வராத அந்த மாலையில்தான்.

கடல் கடந்த ஒரு முன்னெடுத்துக்காட்டு

போட்டிக் கட்சிகள் ஒன்றை ஒன்று விஞ்சி இனவுணர்வைத் தூண்டும்போது நேர்வது என்ன என்பதற்குத் தமிழுலகம் நன்கறிந்த எடுத்துக்காட்டு இலங்கையில் இருந்தது. இலங்கை சுதந்திரக் கட்சி 1951-இல் தொடங்கியபோது சிங்களம், தமிழ் ஆகிய இரண்டையும் ஆட்சிமொழியாக்குவதே அதன் நிலைப்பாடு. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1956-ஆம் ஆண்டுத் தேர்தலை நோக்கி அதனைக் கைவிட்டு, 'இருபத்துநான்கு மணி நேரத்தில் சிங்களம் மட்டும்' எனும் முழக்கத்தை ஏற்றார். ஆளுங்கட்சியாகிய ஐக்கிய தேசியக் கட்சியும் அதே ஆண்டுத் தொடக்கத்தில் களனி மாநாட்டில் சிங்களம் மட்டும் எனும் நிலைக்கு மாறிற்று. இரு பெருங்கட்சிகளும் ஒரே முழக்கத்தோடு நின்றபோது அவ்விரண்டினுள் வாக்காளர்க்கு வேறு வழி காட்டுவார் இல்லை.

மாணவர்கள் இங்கு ஒன்றை உற்றுநோக்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்க ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. ஆனால் நடைமுறை இடர்ப்பாடுகளை முன்னிட்டு, முழு மாற்றத்திற்கு 1960 திசம்பர் 31 வரை காலக்கெடு அளிக்க அச்சட்டமே இடந்தந்தது. இருபத்துநான்கு மணி நேரம் என்ற சொல் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. முழக்கத்தை எழுதியவர்க்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பொய்யான பகுதி வாக்குகளைப் பெற்றுத் தந்துவிட்டு மறைந்தது. வெறுப்பாகிய பகுதி நாட்டில் தங்கிற்று. 1956, 1958 கலவரங்களும் அவற்றைத் தொடர்ந்த பல்லாண்டுத் துயரமும் அந்தத் தங்கலின் விளைவுகள். பின்னர்த் தமிழர்க்குச் சில உரிமைகள் வழங்க பண்டாரநாயக்கவே 1957-இல் செல்வநாயகத்தோடு உடன்படிக்கை செய்தார். தம் மேடை வளர்த்த எதிர்ப்பின்முன் அதனைக் காக்க அவரால் இயலவில்லை. மேடையில் சொன்னதைப் பேச்சாளர் திரும்பப் பெறலாம். கேட்டவர் திருப்பித் தருவதில்லை.

ஒரு தலையணியும் ஒரு வதந்தியும்

நம் நாட்டிற்குத் திரும்புவோம். 1990 அக்டோபர்த் தேர்தலில் ஆளுங்கூட்டணியை எதிர்த்து நின்ற அணிக்குத் தெங்கு ரசாலி ஹம்சா தலைமை ஏற்றார். வாக்களிப்புக்குச் சில நாள்களே இருக்கையில் சபா ஐக்கியக் கட்சி அவர் பக்கம் சேர்ந்தது. சபா சென்ற அவருக்குக் கடசான் மக்களின் மரபுவழித் தலையணியை அணிவித்தனர். அதன் நெசவுக் கோலம் சிலுவையை ஒத்திருந்தது. அந்தப் படம் நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் மீண்டும் மீண்டும் காட்டப்பெற்றது. சமயத்தை விட்டுக்கொடுத்தவராக அவர் சித்திரிக்கப்பட்டார்.

படம் பொய் அன்று. அவர் அணிந்தது உண்மை. பொய் அதன் பொருளில் இருந்தது. விருந்தினர்க்கு மரியாதையாக அளித்த ஒரு மக்களின் பண்பாட்டுப் பொருள், இன்னொரு மக்களை அச்சுறுத்தும் குறியாக மாற்றப்பட்டது. அவருடைய செமாங்காட் 46 கட்சி 8 நாடாளுமன்ற இடங்களையே பெற்றது. தோல்விக்குக் காரணங்கள் பல. ஆயினும் அப்படத்தின் பங்கை எவரும் மறுத்ததில்லை. 1996-இல் அவர் அம்னோவுக்குத் திரும்பினார். கட்சி அவரை ஏற்றுக்கொண்டது. ஆறாண்டுகளுக்கு முன் சமயத்தை விற்றவர் எனப் பேசப்பட்டவர் எவ்வாறு ஏற்கத்தக்கவர் ஆனார் என்று விளக்கியவர் இலர். விளக்க வேண்டிய தேவையும் எழவில்லை. அது தேர்தல் பேச்சு, தேர்தலோடு போயிற்று என்பதே பெரியவர்களின் புரிதல்.

இந்தப் புரிதலில்தான் நம் சிக்கலின் வேர் இருக்கிறது. பெரியவர் தேர்தல் பேச்சைத் தள்ளுபடி செய்து கேட்கப் பழகியவர்; பத்துக்கு இரண்டு என்று எடுத்துக்கொள்வார். பிள்ளையிடம் அந்தத் தள்ளுபடிக் கணக்கு இல்லை. அவன் பத்தையும் பத்தாகவே பெறுகிறான். பின்னர் ஒருநாள் அது பொய் என்று தெரியும்போது, பொய்யுரைத்தவர்க்குத் தீங்கேதும் நேரவில்லை என்பதையும் சேர்த்தே அறிகிறான். இரண்டாவது பாடம் முதலாவதைவிடக் கொடியது.

ஆளுந்தரப்பை மட்டும் சுட்டி அமைவது நேர்மை ஆகாது. 2013 மே 5-ஆம் நாள் தேர்தலுக்கு முன், ஏறத்தாழ 40,000 வங்காளதேசத்தவர் கள்ள வாக்களிக்க விமானங்களில் கொண்டுவரப்படுகின்றனர் எனும் செய்தி எதிர்க்கட்சி ஆதரவாளரிடையே காட்டுத்தீயாகப் பரவிற்று. அந்த எண்ணிக்கை மெய்ப்பிக்கப்படவே இல்லை. ஆனால் வாக்களிப்பு நாளன்று, தோலின் நிறத்தையும் முகத்தோற்றத்தையும் கொண்டு சிலர் வரிசையில் மறிக்கப்பட்டு வினவப்பட்டனர். தூய தேர்தலை வேண்டியவர்களே அவ்வாறு செய்தனர். இனவெறிக்குத் தாம் ஆளாகிறோம் என்று வருந்திய நம்மவரும் அந்த வதந்தியைப் பகிர்ந்தோம். நம் உணவகங்களில் கோப்பை கழுவும் வங்காளதேசத் தொழிலாளியை நாட்டின் பெயரையே சுருக்கி நாம் அழைக்கும் தொனியைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர். நம் சங்கங்களிலும் ஆலயக் குழுக்களிலும் தேர்தல் வரும்போது 'அவர் நம்மவரா' என்று முணுமுணுக்கும் வினாவின் பொருள் சாதி என்பதையும் அவர்கள் அறிவர்.

சொற்கள் வழுக்கி விழும் பாதை

சொற்பொருள் இழிதல் என்பது மொழியியலில் நன்கறிந்த நிகழ்வு. 'கெலிங்' எனும் சொல் கலிங்கத்தின் பெயரிலிருந்து வந்து, பழைய மலாய் வழக்கில் இந்தியாவிலிருந்து வந்தோரை இயல்பாகக் குறித்தது. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அப்பெயரோடு மதிப்புடன் விளங்குகிறது. அச்சொல் எப்போது வசையாயிற்று? ஒலி மாறவில்லை, அகராதி ஆணையிடவில்லை. சொல்லியவரின் தொனியும் கேட்டவரின் சிரிப்பும் சேர்ந்து, தலைமுறை தலைமுறையாக அதனைக் கீழே தள்ளின.

'பெண்டாத்தாங்' எனும் சொல்லும் அவ்வாறே. வருதல் எனும் வினையடியிலிருந்து பிறந்த அதன் நேர்ப்பொருள் வந்தவர் என்பதே. மூன்றாம் தலைமுறையாக இங்கேயே பிறந்தவரை நோக்கி மேடையில் அது வீசப்படும்போது குடியுரிமையை மறுக்கும் சொல்லாகிறது. தமிழில் 'வந்தேறி' எனும் சொல்லைத் தமிழ்நாட்டில் பிறமொழியாளர் மீது வீசுவோரும் இதையே செய்கின்றனர். ஒரு சொல்லால் காயப்பட்டவர் அதன் உடன்பிறப்பைக் கையில் எடுக்கலாகாது.

இத்தகைய பேச்சைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றங்கள் சட்டத்தின் 4ஏ பிரிவு, தேர்தலின் பொருட்டு மக்களிடையே பகைமையை வளர்ப்போர்க்கு ஐந்தாண்டு வரை சிறையோ 10,000 ரிங்கிட் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. 1970 ஆகஸ்ட் 31-இல் அறிவிக்கப்பெற்ற ருக்குன் நெகாராவும் அந்த 1969-இன் சாம்பலிலிருந்து எழுந்ததே. நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பேணுதல் எனும் அதன் ஐந்தாம் கோட்பாட்டிற்கு அன்று தரப்பட்ட விளக்கம், இனத்தைக் காரணம் காட்டி ஒரு குடிமகன் மற்றொருவரின் விசுவாசத்தை ஐயுறலாகாது என்கிறது. பள்ளிச் சபைகூடலில் நம் பிள்ளைகள் கைதூக்கி அதனை ஒப்பிக்கின்றனர். பெரியவர் பிழையினால் பிறந்த உறுதிமொழியைப் பிள்ளைகள் ஒப்பிக்க, அதை மீறும் பேச்சைப் பெரியவர் நிகழ்த்துவது வியப்புக்குரிய முரண்.

2022: கைக்குள் வந்த மேடை

வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18 ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறி, 2021 திசம்பரில் நடைமுறைக்கு வந்தது. வாக்காளர் தொகை 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது. எல்லாக் கட்சிகளும் ஒன்றுபட்டுச் செய்த நற்செயல் அது. இளையோரை நாடிய பரப்புரை டிக்டாக் போன்ற தளங்களுக்குப் பெயர்ந்தது. 2022 நவம்பர் 19-ஆம் நாள் தேர்தலில் எக்கூட்டணிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. அடுத்து வந்த நாள்களில் மே 13-ஐ நினைவூட்டி அச்சுறுத்தும் காணொளிகள் பரவின. காவல்துறை எச்சரித்தது, டிக்டாக் நிறுவனம் அத்தகைய பதிவுகளை நீக்குவதாக அறிவித்தது.

1969-ஐக் கண்டிராத இளைஞர், அந்த ஆண்டின் பெயரை மிரட்டலாக ஏந்தினர். அதைவிட இளைய பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் அதைக் கண்டனர். முன்பு மேடைக்குத் திடல் வேண்டும், அனுமதி வேண்டும், இரவு கூட்டம் கலைந்துவிடும். இப்போது மேடை சிறுவனின் கைக்குள் இருக்கிறது; கலைவதும் இல்லை. ஒரு திடலின் பேச்சை மறுதிடல் கேளாத 1969-இன் நிலை இன்றும் நீங்கவில்லை. ஒவ்வொருவர் திரைக்கும் அவரவர்க்கு உவப்பானதையே கொண்டுவரும் கணினி முறை அதனை இன்னும் இறுக்கியிருக்கிறது.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

கட்சி அரசியலை வகுப்பறைக்குள் கொண்டுவருமாறு நாம் வேண்டவில்லை. அது ஆசிரியப் பணிக்குத் தகாது. ஆனால் மொழிப்பாடம் நடத்தும் எவரும் மூன்று வினாக்களை மாணவர்க்குப் பழக்கலாம். முதலாவது: இப்பேச்சில் 'நாம்' என்பது யார் யாரை உள்ளடக்குகிறது, யாரை விலக்குகிறது? இரண்டாவது: கூறப்பட்டவர் இங்கு இருந்தால் இதற்கு என்ன மறுமொழி சொல்வார்? மூன்றாவது: இதே செயலை நம் பக்கத்தார் செய்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? இம்மூன்றும் இலக்கண வகுப்பிலும் கட்டுரை வகுப்பிலும் இயல்பாக அமையக்கூடியவை.

நம் பேச்சுப்போட்டிகளையும் பட்டிமன்றங்களையும் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். எதிரணியைக் கேலி செய்து கைதட்டல் பெறுபவரே அங்குப் பெரும்பாலும் பரிசு பெறுகிறார். எதிரணி கூறியதை முதலில் நேர்மையாக எடுத்துரைத்து, பின்னர் மறுப்பவர்க்கு மதிப்பெண் தனியே உண்டா? திருவள்ளுவர் சொல்வன்மையைப் பொருட்பாலில் வைத்தார். வாய்மையை அதற்கு முன்னரே அறத்துப்பாலில் வைத்துவிட்டார். வாய்மையைக் கல்லாத சொல்வன்மை எங்குப் போய் முடியும் என்பதை நம் தேர்தல் மேடைகள் காட்டுகின்றன. வகுப்புத் தலைவர் தேர்தலிலிருந்தே இதைத் தொடங்கலாம். தோற்றவர் கைகுலுக்குவதையும், வென்றவர் தமக்கு வாக்களியாதவரையும் சேர்த்து 'நாம்' என்று பேசுவதையும் பத்து வயதில் பழகியவர், நாற்பது வயதில் எளிதில் மறவார்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று கூறுவோம். பெரியவர் பேச்சில் பொய்யைக் கண்டால், அதனால் நேர்மை என்பதே இல்லை என்று முடிவுகட்ட வேண்டா. 1955-இல் அச்சமூட்டலுக்கு இணங்காத வாக்காளர் உங்கள் கொள்ளுப்பாட்டன்மாரின் அண்டை வீட்டார். அவர்களுக்குப் பள்ளிப்படிப்பு உங்களினும் மிகக் குறைவு.

பேத்தியின் வினாவுக்கு நாம் விடைகூறச் சில நாள்கள் ஆயின. மே 13 தானே வருவதில்லை. மனிதர்தாம் அதனைச் சிறிது சிறிதாகக் கொண்டுவருகின்றனர் என்றோம். பிறகு பிரிக்பீல்ட்ஸ் தெருவில் தகரம் தட்டிய மாலையையும், விளையாட வராத நண்பனையும் பற்றிச் சொன்னோம். இதுகாறும் வீட்டில் எவரிடமும் சொன்னதில்லை. அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்னர், "அவர் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, தாத்தா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றோம். "அப்படியென்றால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு அவர் பெயரைச் சொல்லுங்கள்" என்றாள்.

சொன்னோம். உத்திரமேரூரில் ஊரார் ஓலையை எடுக்க ஏன் ஒரு சிறுவனைத் தேடினர் என்பது அன்று நமக்கு ஓரளவு விளங்கிற்று.